மைக்ரோ டொப்ளர் புரோப்: கழுத்து ஒபரேஷனில் நாடி எங்கே என்று சொல்லுமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். கழுத்து முள்ளந்தண்டின் மேல்பகுதியில், அதாவது சீ-1, சீ-2 எனப்படும் முதல் இரண்டு கழுத்து முள்ளென்புகளின் மட்டத்தில் ஸ்குரூ போடுகிற ஒரு சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு, நாடியில் ஓடும் குருதியைச் சத்தமாகக் கேட்கவைக்கும் 16 அல்லது 20 மெகாஹேர்ட்ஸ் மைக்ரோ டொப்ளர் ஒன்று தேவை. முன்பக்கத்தால் ஒரு டிஸ்க்கை (முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) எடுத்து அந்த இடத்தில் கேஜ் என்ற தாங்கி வைப்பது மட்டும் நடக்கிற இடத்துக்கு அது அவசரமில்லை. அந்தக் காசில் நல்ல டயமண்ட் பேர்களும் (என்பைத் தேய்க்கும் முனைகள்) குருதியைச் சுட்டு நிறுத்தும் கூரான பைபோலர் ஒன்றும் வாங்கலாம். வார்ட்டில் நீரிழிவுக்காரரின் கால் நாடி பார்க்கிற 8 மெகாஹேர்ட்ஸ் பேனா டொப்ளருக்கு உறை மாட்டித் தியேட்டருக்குள் கொண்டுபோவதை நாங்கள் எங்கேயும் ஆதரிக்கமாட்டோம். காரணம் கீழே வருகிறது.

கம்பனிப் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை. ஒரே வகைக் கருவி பல பெயர்களில் வருகிறது. வாங்கும்போது பார்க்கவேண்டியது அலைவரிசை, நுனியின் விட்டம், கிருமிநீக்கும் முறை, இங்கே திருத்தித் தர ஆள் இருக்கிறதா என்ற நான்கும்தான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கருவிக்கு எப்படியான நோயாளிகள் வருவார்கள் என்பது தெரிந்ததே. பனையிலோ தென்னையிலோ இருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்து மூட்டு நழுவியவர், குளியலறையில் வழுக்கி விழுந்து சீ-2 இல் பல் போல மேலெழும் முனை முறிந்த 75 வயது அம்மா, வாதமூட்டழற்சியால் சீ-1 முன்னுக்குத் தள்ளுப்பட்டவர். இவர்களில் பலருக்குப் பின்பக்கத்தால் சீ-1, சீ-2 இரண்டையும் பிணைக்கவேண்டி வரும். மூளைக்குக் குருதி கொண்டுபோகும் முள்ளென்பு நாடி வளைந்து வளைந்து போவதும் அந்த இடத்தில்தான்.

அந்த நாடி 3 முதல் 5 மில்லிமீற்றர் விட்டமுடையது. பெரும்பாலானோரில் சீ-6 இன் குறுக்குமுளைத் துவாரத்துக்குள் நுழைந்து சீ-2 வரை நேரே ஏறும். பிறகு வெளியே வளைந்து, சீ-1 இன் துவாரத்தால் மேலே வந்து, சீ-1 பின்வளைவின் மேலுள்ள பள்ளத்தில் படுத்து உள்ளே திரும்பும். முன்பக்க ஒபரேஷன்களில் இது காயப்படுவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. சீ-1, சீ-2 மூட்டுக்குக் குறுக்கே ஒரே நீள ஸ்குரூ போடும் முறையில் அது 100 நோயாளிகளில் 4 பேர் வரை போனதாகப் பதிவு உண்டு. காயப்பட்டால் மேசையிலேயே பெருங்குருதிப்போக்கு வரலாம். தப்பினாலும் மூளியிலும் (சிறுமூளை) மூளைத்தண்டிலும் பாரிசவாதம் வரலாம், சில நாள் கழித்து, கசிந்த குருதி பை போலத் தேங்கும் பொய்க் குருதிநாள வீக்கமும் வரலாம். தொகை சிறிதுதான். ஆனால் எழுந்து நடக்க வந்த ஒருவர் அதில் ஒருவராக இருக்கக்கூடாது.

கருவி எளிமையானது. ஒரு சிறு பெட்டி, ஸ்பீக்கர், சத்தக் குமிழ், கேபிள், அதன் நுனியில் பேனை போன்ற கைப்பிடி, அதிலிருந்து வளைக்கக்கூடிய மெல்லிய தண்டு. தண்டின் நுனி 1 முதல் 2 மில்லிமீற்றர். நுனியில் இருக்கும் பளிங்கு அலையை அனுப்பும், ஓடுகிற குருதிச் சிறுதுணிக்கைகளில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தை ஸ்பீக்கர் சத்தமாக்கும். படம் ஒன்றும் வராது. துடிப்பலை வகையாக இருந்தால் எந்த ஆழத்தைக் கேட்பது என்று தெரிவுசெய்யும் குமிழும் இருக்கும். அந்த வகையையே எடுங்கள். மிகக் குறைந்த ஆழத்தில் தொடங்கி ஒவ்வொரு மில்லிமீற்றராகக் கூட்டினால், நாடி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்ற மதிப்பும் கிடைக்கும்.

உயர்ந்த அலைவரிசை ஏன்? மென்திசுவில் அலை ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒவ்வொரு மெகாஹேர்ட்ஸுக்கும் அரை டெசிபெலுக்குமேல் இழக்கிறது. 20 மெகாஹேர்ட்ஸில் ஒரு சென்ரிமீற்றர் போவதற்குள்ளேயே 10 டெசிபெலுக்கு மேல் போய்விடும், திரும்பி வரும்போது இன்னொரு 10. ஆகவே அது ஒரு சென்ரிமீற்றருக்கு அப்பால் பெரிதாகக் கேட்காது. குறை போலத் தெரியும் இதுதான் இந்தக் கருவியின் பலம். சத்தம் வந்தால் நாடி நுனிக்கு முன்னால், கிட்ட இருக்கிறது என்று பொருள். 8 மெகாஹேர்ட்ஸ் பேனாவோ சில சென்ரிமீற்றர் ஆழம்வரை கேட்கும், அதன் முகமும் அகலம். முன்பக்கக் காயத்தில் பக்கத்தில் ஒதுக்கிப் பிடித்திருக்கும் கரோட்டிட் என்ற பெரிய கழுத்து நாடியின் சத்தமே அதில் நிறைந்து வழியும். எந்த நாடி, எந்தத் திசை என்று பிரித்தறிய முடியாத சத்தம் கத்தி பிடித்திருக்கும் கைக்கு உதவாது.

கோணத்தை ஒரு கணக்கோடு பார்ப்போம். நாடியில் குருதி செக்கனுக்கு 40 சென்ரிமீற்றர் ஓடுகிறது, நுனி ஓட்டத்துக்கு 60 பாகை சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். 20 மெகாஹேர்ட்ஸில் கிடைக்கும் மாற்றம் ஏறக்குறைய 5200 ஹேர்ட்ஸ். காதுக்கு நன்றாகக் கேட்கும் விசில் அது. அதே நாடி, அதே இடம், ஆனால் நுனி 80 பாகையில் நிற்கிறது என்றால் 1800 ஹேர்ட்ஸ். நேர்செங்குத்தாக 90 பாகையில் வைத்தால் பூச்சியம். நாடியின் மேல் நுனியை நேரே குத்திவைத்து, சத்தமில்லை, போகலாம் என்று சொல்வது இந்தக் கருவியோடு செய்யப்படும் மிக ஆபத்தான பிழை. ஒவ்வொரு புள்ளியிலும் நுனியைத் தலைப்பக்கமும் கால்பக்கமும், உள்ளும் வெளியும் சாய்த்து, ஒவ்வொரு சாய்விலும் மூன்று நான்கு இதயத் துடிப்புவரை பொறுத்துக் கேட்கவேண்டும். சீ-1 பள்ளத்தில் நாடி கிடையாக ஓடுகிறது, சீ-2 க்குக் கீழே நிலைக்குத்தாக ஏறுகிறது. ஆகவே சாய்க்கும் திசையும் மட்டத்துக்கு மட்டம் மாறும்.

சத்தத்தின் குணத்தையும் பழகவேண்டும். முள்ளென்பு நாடி மூளைக்குப் போவது. மூளையில் எதிர்ப்புக் குறைவு என்பதால் இதயம் விரியும் நேரத்திலும் ஓட்டம் நிற்பதில்லை. எழும்பி இறங்கும், ஆனால் நடுவில் முழு மௌனம் வராது. மேல் தைரொயிட் நாடி போன்றவை வெட்டி வெட்டி நிற்கும். நாடியைச் சுற்றியுள்ள நாளங்களின் பின்னல் காற்று வீசுவது போலத் தொடர்ந்து இரையும், வென்ரிலேற்றரின் ஒவ்வொரு மூச்சோடும் கூடிக் குறையும், நுனியால் மெல்ல அமத்தினால் அடங்கிவிடும். நாடி அந்த அமத்தலுக்கு அடங்காது.

இனிப் பின்பக்க ஒபரேஷனில் எங்கெங்கே வைப்பது. தசையை நடுக்கோட்டில் பிரித்து சீ-1 பின்வளைவு தெரிந்தவுடன், அதன் பின்முகத்தில் நடுக்கோட்டிலிருந்து 12 மில்லிமீற்றருக்கு அப்பாலும், மேல்விளிம்பில் 8 மில்லிமீற்றருக்கு அப்பாலும் போவதற்கு முன் டயதேர்மியை (மின்னால் சுட்டு வெட்டும் கருவி) நிறுத்துங்கள். சேலைனால் காயத்தை நிரப்புங்கள், நுனி சேலைனுக்குள் இருக்கவேண்டும். மேல்விளிம்பின் வெளிப்பக்கத்து மென்திசுவில் நாடி கேட்கும். கேட்ட இடத்துக்கு உட்பக்க எல்லையை மனதில் குறித்து, திசுவை என்பிலிருந்து உரிக்கும் எலிவேற்றரை வளைவின் கீழ்விளிம்பு வழியே கொண்டுபோகலாம்.

இரண்டாவது இடம் சீ-1 க்கும் சீ-2 க்கும் நடுவிலுள்ள இடைவெளி. இதைத்தான் நாங்கள் இந்தக் கருவிக்கான முதல் காரணமாகச் சொல்வோம். சிலரில் நாடி சீ-1 க்கு மேலால் போகாமல் அதன் கீழாலேயே முண்ணாண் கால்வாய்க்குள் நுழைந்துவிடும். சிலரில் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை கீழால் வரும். சீ-1 இன் பக்கத் திரளில் (லற்றரல் மாஸ்) போடும் ஸ்குரூவுக்காகத் திசுவை விலக்கிக் கீழே இறங்கும் வழியும் அதுவேதான். அங்கே நாளப் பின்னலும் தடிப்பாக இருக்கும், எப்படியும் கசியும் என்று கை பழகியிருக்கும். அந்தக் கசிவுக்கு நடுவில் பைபோலரைத் திறக்கும் முன் முப்பது செக்கன் கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

சீ-1 வளைவு வழமையைவிட உயரமாக, ஸ்குரூ போட நல்ல இடம்போலத் தெரிந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். 100 பேரில் 15 பேர் வரை நாடிக்கு மேலே ஒரு என்புப் பாலம் இருக்கும். தடித்த வளைவு என்று நினைத்துத் துளைத்தால் துளை நேரே நாடிக்குள் போகும். இங்கே டொப்ளர் உதவாது, பாலம் என்பாலானது, அலை அதற்குள் போகாது. பக்கவாட்டு எக்ஸ்ரேயிலும் சீ.ரி. யிலும் முன்னரே பார்த்திருக்கவேண்டிய விடயம் அது.

மூன்றாவது இடம் ஸ்குரூவுக்கான முன்துளை. 3.5 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 2.5 மில்லிமீற்றர் அளவில் துளைத்தபின், குமிழ்நுனிப் பீலர் என்ற தொடுகம்பியால் நான்கு சுவரும் அடியும் தடவிவிட்டு, சேலைன் நிரப்பி, 1 மில்லிமீற்றர் நுனியை உள்ளே விடலாம். 2 மில்லிமீற்றர் நுனி இதற்குள் வசதியாகப் போகாது, வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். அடியில் துடிப்புக் கேட்டால் சுவர் உடைந்திருக்கிறது அல்லது கடதாசி போல மெலிந்திருக்கிறது. அந்தத் துளையைக் கைவிட்டு, சீ-2 இல் பின்தகட்டில் போடும் லமினா ஸ்குரூவுக்கோ, மேல்கீழ் மூட்டுகளுக்கு இடையிலுள்ள என்பில் போடும் 14 முதல் 16 மில்லிமீற்றர் நீளமான குட்டைப் பார்ஸ் ஸ்குரூவுக்கோ மாறலாம்.

முன்பக்க ஒபரேஷனில் பயன் குறைவு என்று மேலே சொன்னதற்கு விளக்கம் வேண்டும். அங்கே நாடியைக் காப்பது நடுக்கோடு. தலை ஒருபக்கம் திரும்பாமல் நேராகக் கிடக்கவேண்டும். முள்ளந்தண்டின் முன்னால் இருபுறமும் ஓடும் லோங்கஸ் கொல்லித் தசைகள் இரண்டையும் தூக்குவதற்கு முன்னரே அவற்றின் நடுவை என்பில் குறித்துவிடவேண்டும், தூக்கியபின் அந்த அடையாளம் போய்விடும். முள்ளென்பின் உடலை எடுப்பதாக இருந்தால் பள்ளத்தின் அகலத்தைக் கலிப்பரால் அளந்து 15 முதல் 18 மில்லிமீற்றருக்குள் வைத்திருக்கவேண்டும். மேல் மட்டங்களுக்குப் போகப்போக இரண்டு துவாரங்களும் நடுவுக்குக் கிட்ட வருகின்றன. ஆகவே சீ-6 இல் பழகிய அகலத்தை சீ-3 இல் போடக்கூடாது. இவை சரியாக இருந்தால் டொப்ளர் தேவைப்படும் தருணம் குறைவு. டிஸ்க்கின் பக்க ஓரத்திலுள்ள அன்சினேற் மூட்டுக்கு வெளியே போயாக வேண்டிய கட்டி, கிருமித்தொற்றால் மென்மையாகிப்போன என்பு, சீ.ரி. யில் உட்பக்கம் வளைந்து நெளிந்து தெரியும் நாடி, சீ-6 க்குப் பதில் சீ-5 அல்லது சீ-4 இல் நுழையும் நாடி, இவற்றில் எடுத்துப் பாவியுங்கள். டிஸ்க் மட்டத்தில் நாடிக்கு முன்னால் மென்திசுதான், அங்கே கேட்கும். முள்ளென்பு உடலின் மட்டத்தில் குறுக்குமுளையின் முன்சுவர் மறைக்கும், அங்கே கேட்காது. முன்பக்கத்தில் ஒரு வசதியும் உண்டு. தொடங்கும்போது நுனியைக் கரோட்டிட்டின் மேல் வைத்துப் பார்த்தால் கருவி வேலைசெய்கிறதா என்று உடனே தெரியும். பின்பக்கத்தில் அந்த வசதி இல்லை. ஸ்டெரைல் கிண்ணத்தில் சேலைன் ஊற்றி, நுனியை முக்கி, அதற்கு முன்னால் விரலை ஆட்டுங்கள். இரைச்சல் வரவேண்டும்.

சத்தம் வராததற்கு நாடி அங்கே இல்லை என்பது ஒரு காரணம் மட்டுமே. கோணம் பிழைத்திருக்கலாம். நடுவில் என்பு இருக்கலாம். நுனியில் காய்ந்த குருதி ஒட்டியிருக்கலாம். சேலைனுக்குள் காற்றுக் குமிழி நிற்கலாம். எலிவேற்றரோ ரிட்ராக்டரோ நாடியை அமத்திப் பிடித்திருக்கலாம். குருதியமுக்கம் விழுந்திருக்கலாம். கேட்கும்போது சராசரி அமுக்கம் 80 க்கு மேல் இருக்கும்படி மயக்கமருந்து வைத்தியரிடம் முதலே சொல்லிவையுங்கள், நசுங்கிய முண்ணாணுக்கும் அது நல்லது. விபத்தில் மூட்டு நழுவிய நோயாளியில் நாடி ஏற்கெனவே அடைபட்டிருக்கலாம். இப்படியான ஒருவரில் மூட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தபின் ஓட்டம் திரும்பலாம், அதுவரை மௌனமாக இருந்த இடம் பேசத் தொடங்கலாம். ஆகவே சத்தம் வந்தால் நம்பி நிறுத்துங்கள். சத்தம் வராததை மட்டும் நம்பித் துளைக்காதீர்கள்.

அப்படியென்றால் எதை நம்பித் துளைப்பது? சீ.ரி. அஞ்சியோகிராமை, அதாவது நாளத்தில் மருந்து ஏற்றி நாடிகளைக் காட்டும் சீ.ரி. படத்தை. மைக்ரோ டொப்ளர் வாங்கியிருக்கிறோம், இனி அஞ்சியோகிராம் வேண்டாம் என்று ஒரு பிரிவு முடிவெடுத்தால் அந்தக் கருவியால் நன்மையைவிடத் தீமையே கூடும். கோரிக்கைப் படிவத்தில் கழுத்து சீ.ரி. என்று மட்டும் எழுதாமல், பெருநாடி வளைவிலிருந்து உச்சந்தலை வரை, 1 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டு, என்புச் சாளரத்திலும் சேர்த்து என்று எழுதுங்கள். வலது கையில் 18 அளவுக் கனூலா போட்டு அனுப்புங்கள். இடது கையால் போட்டால் மார்புக்குக் குறுக்கே போகும் நாளத்தில் மருந்து தேங்கிக் கீழ்ப்பகுதி நாடியை மறைக்கலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் அறிக்கையும் கூடப்போகட்டும். படத்தை அச்சுத் தாளில் வாங்காமல் கணினித் தட்டில் வாங்கி நீங்களே வெட்டிப் பாருங்கள். சீ-2 இல் கால்வாய்ச் சுவரிலிருந்து 3 மில்லிமீற்றர் வெளியே நெடுக்குவெட்டை எடுத்து, இஸ்த்மஸின் (சீ-2 இன் ஒடுங்கிய இடை) உயரம் 5 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ, உள்ளுயரம் 2 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் நாடி உயர்ந்து ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் என்புக் காம்பில் போடும் பெடிக்கிள் ஸ்குரூவும் மூட்டுக்குக் குறுக்கே போகும் ஊடுமூட்டு ஸ்குரூவும் வேண்டாம். எந்தப் பக்க நாடி பெரியது என்றும் எழுதிவையுங்கள். ஏறக்குறைய பாதிப்பேரில் இடது பெரியது. ஒரே ஒரு நல்ல நாடியோடு இருப்பவரில் அந்தப் பக்கத்து ஸ்குரூவைக் கடைசியாக யோசியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிழிந்தால் சுருக்கமாக இதுதான். அமத்துங்கள், குருதியை உறையவைக்கும் ஜெலற்றினும் பஞ்சுத் துண்டும் வைத்துப் பிடியுங்கள், தலையை நேராக்குங்கள், குருதி வங்கியிலிருந்து குருதி வரவழையுங்கள். முன்துளையிலிருந்து பீறிட்டால் குட்டை ஸ்குரூவாலோ என்பு மெழுகாலோ துளையை அடைத்துவிட்டு, மற்றப் பக்கம் நாடிக்கு ஆபத்தான எந்த ஸ்குரூவும் போடாதீர்கள். நேரே தைக்க முடிந்தால் 7-0 அல்லது 8-0 நூலும் தற்காலிகக் கிளிப்பும் மேசையில் முன்னரே இருக்கவேண்டும், அப்போது தேடக்கூடாது. தைத்தபின் மேலே ஓட்டம் போகிறதா என்று பார்க்க இதே டொப்ளர் மிக நன்றாக உதவும். மேசையில் நின்றுவிட்டாலும் பிறகு அஞ்சியோகிராம் கட்டாயம். குழாய்வழியாக நாடியை அடைக்கும் வசதி உங்கள் வைத்தியசாலையில் இல்லாவிட்டால், எங்கே அனுப்புவது, யாருக்கு அழைப்பது என்பது நோயாளியை மயக்குவதற்கு முன் சுவரில் எழுதியிருக்கவேண்டும். கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர்.

பராமரிப்பில்தான் இந்தக் கருவி ஏமாற்றுகிறது. நுனியிலுள்ள பளிங்கு ஒருமுறை நிலத்தில் விழுந்தால் வெடித்துவிடும், வெளியில் பார்த்தால் தெரியாது. கேபிள் கைப்பிடியில் சேரும் இடத்தில் மடிந்து மடிந்து அறும். 134 பாகை நீராவி ஓட்டோகிளேவில் போடலாமா என்பது புரோப்புக்குப் புரோப் மாறும். பலவற்றில் நுனியின் பசை இளகும், அவற்றுக்கு எதிலீன் ஒட்சைட்டு அல்லது ஐதரசன் பேரொட்சைட்டு பிளாஸ்மாதான். எதிலீன் ஒட்சைட்டில் போட்டால் காற்றோட்டும் நேரமும் சேர்ந்து அன்றைக்கே திரும்பக் கிடைக்காது, ஆகவே ஒரு புரோப் போதாது. ஒபரேஷன் நடக்கும்போது தாதியர் நுனியை ஈரத் துணியால் துடைக்கலாம், சக்ஷன் முனையாலோ பிளேட்டாலோ சுரண்டக்கூடாது. நுனி காயத்துக்குள் இருக்கும்போது டயதேர்மியை மிதிக்கக்கூடாது. இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்பது ஒருபுறம், பளிங்கே போய்விடலாம். கேட்கிற அரை நிமிடத்துக்குச் சக்ஷனையும் பேச்சையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

உப்புக் காற்றும் மாரி ஈரமும் கேபிளின் இணைப்பு ஊசிகளைப் பச்சை பிடிக்கவைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள், ஐப்பசி மழை தொடங்கும் முன் உயிர்மருத்துவப் பிரிவிடம் ஒருமுறை ஊசிகளைத் துடைத்துச் சோதிக்கக் கொடுங்கள். மின்சாரம் போய் வரும் இடத்தில் பற்றரியிலும் ஓடும் பெட்டியே நல்லது.

விலைமனு கேட்கும்போது முகவரிடம் எழுத்தில் வாங்கவேண்டியவை: புரோப்பை எத்தனை தடவை கிருமிநீக்கலாம், எந்த முறையில், ஒருமுறைப் பாவனைப் புரோப் என்றால் ஒரு ஒபரேஷனுக்கு என்ன செலவு, கேபிள் இரண்டரை மீற்றருக்குக் குறையாமல் இருக்குமா, பழுதானால் திருத்தி வரும்வரை மாற்றுக் கருவி தருவார்களா, இலங்கையில் பதிவுசெய்யப்பட்ட உபகரணமா, பதிவு இலக்கம் என்ன. பெட்டி ஒன்றோடு 1 மில்லிமீற்றர் நுனிப் புரோப் இரண்டு எடுங்கள். முதல் புரோப் வந்ததும் கடினமான சீ-1, சீ-2 நோயாளிக்காக எடுத்துவைக்காமல், சாதாரண முன்பக்க ஒபரேஷன்களில் கரோட்டிட்டிலும் கழுத்து நாளத்திலும் வைத்து, வைத்தியரும் தாதியருமாகக் காதைப் பழக்குங்கள்.